நாலு விரல் இடப்பக்கம்

கண்ணாக இருக்க முடியாது, கண்ணாக இருந்தால் நாலாபக்கமும் சிதறும், இப்படி ஒரே பக்கமாகப் போகாது, இன்றைக்கு மட்டும் பதினைந்து தோட்டா சுட்டிருக்கிறேன், பதினைந்தில் ஒன்றுகூட நடுவுக்கு வலப்பக்கம் விழவில்லை, எல்லாம் இடது, நாலு விரல் இடது, என் விரலால் நாலு விரல், ஒவ்வொரு ஐந்துக்கும் போய் அளந்து பார்த்தாயிற்று, ஆகவே துப்பாக்கிதான். புதுத் துப்பாக்கி. பெட்டியைப் பிரித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, குழலுக்குள் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. புதுசு என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது, புதுச் செருப்பு கடிக்கவில்லையா, புதுக் கதவு நிலையில் பொருந்தாமல் நிற்கவில்லையா. சிவப்புக் கொடி ஏறிவிட்டது. கொடி பறக்கும்போது யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது, தோட்டா அறையைத் திறந்து மணல் மூட்டைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டேன். குழல் ஆறட்டும். இந்தப் பழைய கல்குவாரிக்குள் காற்று இறங்குவதே இல்லை, மேலே வேப்ப மரம் ஆடுவது தெரிகிறது, கீழே ஒரு இலை அசையவில்லை, அதனால் காற்றின்மேலும் பழி போட முடியாது. எதிரே ஐம்பது மீட்டரில் செங்குத்தாக வெட்டின பாறை, பாறைக்கு முன்னால் ஐந்து மரச் சட்டம், சட்டத்துக்கு ஒரு காகிதம், ஐந்து சுட்டதும் மாற்றிவிடுவோம், மூன்றாவது சட்டம் என்னுடையது. வரும்போது இருபத்தைந்து தோட்டா, இப்போது பத்து. காலிக் கூடுகள் பதினைந்தும் சட்டைப் பையில் இருக்கின்றன. தொட்டுப் பார்த்தேன். இருக்கின்றன.

அவள் காலையில் அப்படி ஒரு பேச்சை எடுத்திருக்க வேண்டாம். என் மனைவி பட்டம்மாள் எதையும் சத்தம் போட்டுச் சொல்கிறவள் இல்லை, காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, நான் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டேனா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் சொன்னாள். “நமக்குள்ள ஒரு பேச்சு வச்சுக்குவோம். நீங்க சொல்ற மாதிரி துப்பாக்கி மேல தப்புன்னா, கண்ணாஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணி வியாழக்கிழமை வரலைன்னு சொல்லிடறேன். கண்ணு மேல தப்புன்னா வாயத் தொறக்காம என்கூட வரணும். சரியா?” நான் சரி என்றேன். தலையை ஆட்டியதோடு நிற்காமல் வாய் திறந்து சரி என்றேன். எவ்வளவு தைரியம் இருந்தால் சரி என்பேன், அவ்வளவு நிச்சயமாக இருந்தது எனக்கு. பிறகு அவள் எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அதை நான் காதில் வாங்கவில்லை. வேண்டுமென்றேதான் வாங்கவில்லை, டம்ளரில் காப்பியை ஆற்றுகிற மாதிரி சத்தம் எழுப்பிக்கொண்டேன், ஆற்றின காப்பி கொஞ்சம் வட்டாவுக்கு வெளியே விழுந்தது, அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. முன்பெல்லாம் ஊசியையும் நூலையும் என்னிடம்தான் நீட்டுவாள், பட்டாளத்துக் கண்ணு, நீங்க கோத்துக் குடுங்க என்பாள். இப்போது நீட்டுவதில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் கோத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். என்றிலிருந்து நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தால் பிடிபடவில்லை, எல்லாவற்றையும் எண்ணி வைக்கிற எனக்கு அது மட்டும் கணக்கில் இல்லை.

வெயிலாக இருக்குமோ என்றும் பார்த்தாயிற்று. காலை வெயில் வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. குழல் நுனியில் நிற்கிற முள், அதுதான் முன்குறி, கண்ணுக்குக் கிட்டே நடுவில் வெட்டு விழுந்த தகடு பின்குறி, அந்த வெட்டின் நடுவே முள் நிற்க வேண்டும், முள்ளின் தலையில் கருப்பு வட்டம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் விஷயம், முப்பது வருஷம் முன்னால் கற்றுக்கொடுத்ததும் அதுதான். வெயில் வலப்பக்கம் அடித்தால் முள்ளின் வலப்பக்க விளிம்பு மட்டும் மின்னும், மின்னுகிறதையே முள் என்று கண் எடுத்துக்கொள்ளும், குண்டு இடது பக்கம் போகும். அதற்காக இரண்டாவது ஐந்து சுட்ட பிறகு சூடம் கொளுத்தி அந்தப் புகையில் முள்ளைக் காட்டினேன், கரி பிடித்து மை மாதிரி ஆயிற்று, மினுக்கே இல்லை. மூன்றாவது ஐந்தும் நாலு விரல் இடது. சூடத்தின் வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. அப்போதுதான் கோதண்டம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். சுபேதாராக ஓய்வு பெற்றவர், இந்தத் துப்பாக்கிப் பயிற்சி இடத்துக்கு அவர்தான் பொறுப்பு, கொடி ஏற்றுவதும் இறக்குவதும் அவர்தான். “இன்னா எத்திராஜி, துப்பாக்கிக்குக் கற்பூர ஆரத்தியா? அப்படியே ஒரு தேங்கா ஒடச்சிடு” என்றார். நான் சிரித்தேன். “பாறைய ஒரு பக்கமாவே செதுக்கிகினு கீறே. ஞாயித்துக்கெழம பந்தயத்துக்கு மூணு பேர்ல ஒரு எடம் காலி கீது. கடைசி அஞ்சையும் பாத்துட்டுத்தான் ஒம் பேர எழுதுவேன், கோச்சுக்காதே.” துப்பாக்கியில் கோளாறு சுபேதார் என்று சொல்ல வாய் வந்தது. வந்தது, திரும்பிப் போய்விட்டது. ஏனென்றால் கடைக்காரனிடம் ஏற்கனவே சொல்லி அவன் சிரித்துவிட்டான், வயசானவங்க எல்லாரும் முதல்ல துப்பாக்கியத்தான் சொல்லுவாங்க பெரியவரே என்றான், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், நான் தோட்டா பெட்டியை வாங்கிக்கொண்டு மிச்சம் வாங்காமல்கூட இறங்கி வந்துவிட்டேன். நான் அப்படித்தான். ஓட்டலில் இட்லி சொன்னால் ரவா தோசை கொண்டுவந்து வைத்தான், சாப்பிட்டுவிட்டு வந்தேன். பட்டம்மாள் ஒரு வாரம் சிரித்தாள்.

கோடு இருக்கிறது. அதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், மற்றதெல்லாம் வெறும் ஓட்டம். முன்குறி உட்கார்ந்திருக்கிற சின்ன இரும்பு மேடையில் மயிர் கனத்துக்கு ஒரு கோடு வெட்டியிருப்பார்கள், கீழே குழலிலும் ஒரு கோடு, தொழிற்சாலையில் மேடையை உள்ளே செலுத்தும்போது இரண்டு கோடும் ஒன்றாக நிற்கும்படி தட்டி நிறுத்த வேண்டும். மேல்கோடு வலப்பக்கம் தள்ளி நின்றால் குண்டு இடப்பக்கம்தான் போகும். தள்ளி நிற்கிறது. காலையில் வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன், தள்ளித்தான் நிற்கிறது. ஆனால் இந்த வலது கண்ணுக்கு இப்போதெல்லாம் எதுவும் ஒன்றாக நிற்பதில்லையே. தெருவிளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கு, நிலாவுக்கு ஒரு வால், பேருந்து எண்ணின் மேல் இன்னொரு எண், அப்படியிருக்க ஒரு கோடு விலகி நிற்பதைப் பார்த்தேன் என்றால் விலகியது கோடா, என் கண்ணா. இடது கண் சின்ன வயசிலிருந்தே மங்கல், அதை சாட்சிக்குக் கூப்பிட முடியாது. சரியென்று கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் இழுத்துப் பார்த்தேன், மேலிருந்து கீழே. கோடு மாறுகிற இடத்தில் நகம் தட்டியது. மறுபடியும் இழுத்தேன், தட்டியது. உடம்பெல்லாம் லேசானது. ஐந்தாவது தடவை சந்தேகம் வந்துவிட்டது, வெட்டும்போது விளிம்பில் இரும்புப் பிசிறு நின்றிருந்தாலும் நகம் தட்டும் அல்லவா. நகமும் தடித்துப்போன நகம். எந்தச் சாட்சியைக் கூப்பிட்டாலும் அதற்கும் என் வயசேதான் ஆகிறது.

வேறு ஒருவரைச் சுடச் சொன்னால் தெரிந்துவிடும். இது எனக்கு முதல் நாளே தெரியும். வேறு கண், வேறு கை, அதே துப்பாக்கி, அப்போதும் இடது பக்கம் போனால் துப்பாக்கி, நடுவில் விழுந்தால் நான். அதைவிடச் சுலபமான வழி கிடையாது, அதைத்தான் நான் செய்யவில்லை. என் துப்பாக்கியை இன்னொருத்தர் கையில் கொடுக்க வேண்டும். பட்டாளத்தில் தூங்கும்போதுகூட துப்பாக்கி வாரைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவோம், பக்கத்துப் பாயில் பிச்சாண்டி படுத்திருப்பான், அவன் துப்பாக்கியின் முள் ஒரு தடவை லாரிக் கதவில் இடித்து வளைந்துவிட்டது, முள்ளைச் சிப்பாய் தொடக் கூடாது, அதற்கென்று ஆள் உண்டு, போய்ச் சொல்லியிருக்கலாம், சொன்னால் எப்படி இடித்தாய் என்று கேட்பார்கள் என்று சொல்லவே இல்லை, அந்த வருஷம் பூராவும் வட்டத்துக்குப் பக்கத்தில் வெறும் காகிதத்தைக் குறிபார்த்தே சுட்டான், குருடன் என்று பேர் வாங்கினான். வாங்கிக்கொண்டு சிரித்தான். நாங்களும் கூப்பிட்டோம், நானும் கூப்பிட்டேன். குருடன். அந்த வார்த்தை இப்போது ஏன் வருகிறது. அண்ணன் ஞாபகம் வரக் கூடாது என்று வேறு எதையோ நினைத்தால் அது சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து நிற்கிறது. கன்னியப்பண்ணன் புரை எடுக்கக் கண்ணாஸ்பத்திரிக்கு என்னோடு பேசிக்கொண்டே நடந்து போனார், எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பது இப்போது எதற்கு, சின்ன விஷயம்டா தம்பி, அரை மணி நேரம் என்றார். கட்டைப் பிரித்த பிறகு சீழ் பிடித்துவிட்டது. அந்தக் கண் வெந்த முட்டை மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். இலையில் ரசத்தை விட்டால் சோறு எங்கே இருக்கிறது என்று கை முதலில் தடவும், தடவிவிட்டுத்தான் பிசையும், அந்தத் தடவலைப் பார்க்க முடியாமல் நான் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அப்படி ஆவதில்லை, ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை என்று பட்டம்மாளிடம் டாக்டரம்மா சொன்னாளாம். ஆயிரத்தில் ஒன்று என்றாலும் அந்த ஒன்று என் அண்ணன்.

“ஐயா, முறுக்கு எடுத்துக்குங்க.” நாலாவது சட்டத்துக்காரி கிரேஸ்மேரி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள், எல்லாரும் ஏட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இவளைத்தான் கேட்க வேண்டும், இவளைவிடச் சீராகச் சுடுகிறவர்கள் இங்கே இல்லை. கேள் எத்திராஜ். ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, “வெயில் ஜாஸ்தி” என்றேன். “ஆமாங்கய்யா.” போயிற்று. இரண்டாவது தடவை வாயைத் திறந்து, “முறுக்கு நல்லா இருக்குது” என்றேன். “மருமக சுத்துனது. கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கும், சொல்லிடாதீங்க.” அதுவும் போயிற்று. கோதண்டம் கொடிக் கயிறை அவிழ்க்கப் போகிறார். “ஏட்டம்மா, இந்தக் கோடு... உங்களுக்கு இது ஒண்ணாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா?” வந்துவிட்டது. யார் குரலோ மாதிரி இருந்தது. அவள் டப்பாவை மூடிவிட்டு, துப்பாக்கியைத் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தாள். “எந்தக் கோடு?” “அந்த முள்ளுக்குக் கீழ.” “இவ்ளோ கிட்ட எனக்கு முள்ளே கொசகொசன்னு இருக்குது, நீங்க கோடு கேக்குறீங்க. படிக்கற கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன். தூரத்துல காக்கா உட்கார்ந்தா கால் எத்தனைன்னு சொல்லுவேன், கையில இருக்கற மொபைல்ல பேரன் மூஞ்சி தெரியாது.” சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஏட்டாக இருந்தவள் பார்வை அது, கேட்க வந்தது இது இல்லை என்று தெரிந்துகொண்ட பார்வை. “நான் வேணா அஞ்சு சுட்டுப் பாக்கட்டுமாய்யா?” நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியாதபடி ஆட்டினேன். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். கொடி இறங்கிற்று.

அவள் தோளில் என் துப்பாக்கி. கன்னத்தை வைக்கிறாள், நான் வைக்கிற இடத்துக்கு ஒரு விரல் முன்னால் வைக்கிறாள், வைக்கட்டும். ஒன்று. நான் காகிதத்தைப் பார்க்கவில்லை, பார்த்தாலும் தெரியாது, கூட்டைத்தான் பார்த்தேன், மஞ்சளாகத் தெறித்து விழுந்தது, எடுத்துப் பையில் போட்டேன். இரண்டு. நடுவில் விழு. இல்லை, இடது போ. நடுவில் விழுந்தால் வியாழக்கிழமை. மூன்று. இடது போ, இடது போ. ஒரு துப்பாக்கி கோணலாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். நாலு. ஐந்து. கொடி ஏறிற்று. கோதண்டம் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். என் கால் ஓடவில்லை, ஆனால் அவர் தோளை உரசிக்கொண்டு போயிருக்கிறேன், அவர் திரும்பிப் பார்த்தார். காகிதத்துக்கு முன்னால் நின்று அவர் போட்ட சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது. “அடப்பாவி, துப்பாக்கிதான்யா கோணல்! ஏட்டம்மா அஞ்சையும் ஒரே எடத்துல போட்டுகீது, நாலு விரல் லெஃப்ட்ல! ஏன்யா மூணு வாரமா வாயில கொழுக்கட்டையா வச்சிகினு இருந்தே?” ஏட்டம்மா, “நான் சொன்னேன்ல, ஐயா சும்மா கேக்க மாட்டாருன்னு” என்றாள், அவள் சொல்லவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். பட்டம்மாள், நான் ஜெயித்துவிட்டேன். வாயெல்லாம் சிரிப்பு, நிறுத்த முடியவில்லை.

சட்டத்தில் புதுக் காகிதம் ஒட்டிவிட்டு, கோதண்டம் பெட்டியிலிருந்து பித்தளைச் சுத்தி எடுத்து வந்தார். எந்தப் பக்கம் தள்ளுவது என்று அதற்கு ஒரு சண்டை. “குண்டு லெஃப்ட்ல போவுது, அப்ப முள்ள ரைட்டுக்குத் தட்டு.” “இல்ல சுபேதார், பின்குறின்னாத்தான் அப்படி. முன்குறிய குண்டு போற பக்கமே தள்ளணும்.” “எவன் சொன்னான்?” “முள்ளு இடது பக்கம் போனா, அதத் திரும்ப நடுவுல கொண்டார்றதுக்குக் குழல வலது பக்கம் திருப்பணும் இல்ல?” அவர் ஒரு பென்சிலைக் கண்ணுக்கு நேரே பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பேரும் சீக்கிரம் முடிவுக்கு வாங்க, கல்லுகூட சூடாயிடுச்சு” என்றாள் ஏட்டம்மா. “சரி, தட்டு, கெட்டா ஒன் துப்பாக்கி” என்று சுத்தியைக் கொடுத்துவிட்டார். என் வாழ்நாளில் முன்குறியைத் தட்டுவது இதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கமாகத் தட்டினேன், நகத்தால் இழுத்தேன், தட்டினேன், இழுத்தேன். நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறவரைக்கும். பிசிறு இல்லை, கோடுதான் விலகியிருந்தது. எனக்குத் தெரிந்தது சரிதான். கடைசி ஐந்து தோட்டா. நடுவைக் குறிபார்த்துச் சுட்டேன், மூச்சைப் பாதி விட்டு, அவசரப்படாமல், நெஞ்சு ஒவ்வொரு தடவையும் அடங்கின பிறகு. கை நடுங்கவில்லை. சத்தியமாக நடுங்கவில்லை.

கோதண்டம் முதலில் போய்ப் பார்த்துவிட்டு, “நடுவுக்கு வந்துட்ச்சு, நடுவுக்கு வந்துட்ச்சு, கொறையே சொல்ல முடியாது” என்று முதுகில் தட்டினார். வந்துவிட்டது உண்மைதான். மேலே ஒன்று, கீழே ஒன்று, இடது ஒன்று, வலது இரண்டு, ஐந்தையும் சேர்த்து நடு எது என்று கணக்குப் போட்டால் வட்டத்தின் நடுதான் வரும். ஏட்டம்மாவின் காகிதத்தைக் கோதண்டம் கையில் வைத்திருந்தார். அவள் ஐந்து ஓட்டையையும் ஒரு முறுக்கால் மூடிவிடலாம். என்னுடையதை மூடக் கையை விரித்து வைத்தேன், உள்ளங்கை போதவில்லை, விரல்களும் வேண்டியிருந்தன. இது இப்போது வந்தது இல்லை. முதல் பதினைந்தும் இப்படித்தான் விழுந்திருந்தது, இடது பக்கம் எத்தனை விரல் என்று ஒவ்வொரு தடவையும் அளந்தவன், ஒன்றுக்கொன்று எத்தனை விரல் என்று ஒரு தடவைகூட அளக்கவில்லை. அளக்கத் தெரியாமல் இல்லை. கருப்பு வட்டத்தின் நடுவில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. நான்கு பக்கமும் ஓட்டை, நடுவில் ஒன்றும் இல்லை, விரல் தேடிக்கொண்டே இருந்தது, இலையில் சோற்றைத் தேடுகிற மாதிரி, அப்புறம் அது யாருடைய கை என்று தெரிந்து எடுத்துக்கொண்டேன்.

“பேர எழுதட்டா?” என்றார் கோதண்டம். “இருங்க சுபேதார், ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்.” குவாரிக்குள் சிக்னல் கிடைக்காது, வேப்ப மரம் வரைக்கும் ஏறி வர வேண்டும், ஏறி வந்தேன், இங்கே காற்று அடிக்கிறது. பட்டம்மாளுக்கு முதல் மணியிலேயே எடுக்கிற பழக்கம் இல்லை, இன்றைக்கு எடுத்துவிட்டாள். “இன்னா ஆச்சு? யாரு மேல தப்பு?” “துப்பாக்கி மேலதான்” என்றேன். “முள்ளு விலகியிருந்துது. தட்டி சரி பண்ணியாச்சு.” “அப்ப நான் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிச் சொல்லிடட்டா?” என்றாள், சொன்ன சொல் தவறாதவள். கையில் காலிக் கூடுகள், எப்போது பையிலிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை, எண்ணிக்கொண்டு நிற்கிறேன், இருபத்தைந்தும் இருக்கின்றன.

“வேணாம்” என்றேன். “வியாழக்கிழமை எத்தனை மணிக்குன்னு சொன்னே?”